தீர்ப்பு கிடைத்தால் போதுமா?

சில மாதங்களுக்கு முன்பு, எனக்கு அறிமுகமான பெண்மணி ஒருவர் கையில் சில தாள்களுடன் என்னைக் காண வந்தார். அவருடைய தந்தை 2001-இல் காலமானவர். கூட்டுக்குடும்ப நிலத்தைப் பிரித்துக்கொள்ள முனைந்த சகோதரர்கள், "2005-இல் அப்பா உயிரோடு இல்லை, ஆகவே எங்களுக்குச் சமமான பங்கு உனக்குக் கிடையாது" என்று கூறி, ஒரு சிறு தொகைக்கு விடுதலைப் பத்திரம் எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். அவர் இணையத்தில் தேடிப் பார்த்திருக்கிறார். முதலில் கிடைத்த உச்சநீதிமன்றத் தீர்ப்பும் சகோதரர்கள் சொன்னதையே சொல்லியது. "கையொப்பமிட்டு விடலாமா?" என்பதுதான் அவரது கேள்வி.

அவர் கொண்டுவந்தது போலித் தீர்ப்பு அன்று. 'பிரகாஷ் எதிர் பூலாவதி' வழக்கில் 2015 அக்டோபரில் இரு நீதிபதிகள் கொண்ட அமர்வு வழங்கியது. ஹிந்து வாரிசுரிமைச் சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வந்த 2005 செப்டம்பர் 9 அன்று தந்தை உயிருடன் இருந்திருந்தால் மட்டுமே மகள் அத்திருத்தத்தின் பயனைப் பெறுவார் என்றது அத்தீர்ப்பு. ஆனால், 2020 ஆகஸ்ட் 11 அன்று 'வினீதா சர்மா எதிர் ராகேஷ் சர்மா' வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு அந்தக் கருத்தை நிராகரித்துவிட்டது. மகளின் உரிமை பிறப்பால் வருவது. அந்த நாளில் தந்தை உயிருடன் இருந்திருக்க வேண்டியதில்லை என்பதே இன்றைய சட்டம். 2004 டிசம்பர் 20-க்கு முன்பே முறைப்படி நடந்து முடிந்த பாகப்பிரிவினைகளை அது தொடுவதில்லை.

ஐந்தாண்டு இடைவெளியில் வந்த இரு தீர்ப்புகள். முதலாவதோடு தேடலை நிறுத்தியிருந்தால் ஒரு பெண் தன் நிலத்தை இழந்திருப்பார். பதிவாகிவிட்ட விடுதலைப் பத்திரத்தைப் பின்னர் ரத்து செய்வது எளிதன்று.

காலாவதியான தீர்ப்புகள் இணையதளங்களிலிருந்து நீக்கப்படுவதில்லை. ஆவணம் என்ற முறையில் அவை இருந்தாக வேண்டும். தேடுபொறியோ நாம் இட்ட சொற்கள் எங்கே அதிகம் பொருந்துகின்றன என்றுதான் முதன்மையாகப் பார்க்கிறது. எனவே, தீர்ப்பைக் கண்டுபிடிப்பது தேடலின் பாதிதான். அது இன்றும் உயிருடன் இருக்கிறதா என்று அறிவது மறுபாதி.

தேடுவதற்கான வாய்ப்புகளுக்கு இன்று குறைவில்லை. மத்திய அரசின் சட்டங்களைத் திருத்தங்களுடன் 'இந்தியா கோடு' தளத்தில் படிக்கலாம். உச்சநீதிமன்றம் 2023 ஜனவரியில் சுமார் 34,000 தீர்ப்புகளுடன் 'இ-எஸ்சிஆர்' சேவையைத் தொடங்கியது. 2008 முதல் இயங்கிவரும் 'இந்தியன் கானூன்' தளத்தில் உச்சநீதிமன்ற, உயர்நீதிமன்றத் தீர்ப்புகளைக் கட்டணமின்றித் தேடலாம். 'எஸ்சிசி ஆன்லைன்', 'மனுபத்ரா' போன்றவை வழக்குரைஞர்கள் பயன்படுத்தும் கட்டணத் தளங்கள்.

தேடலைத் தீர்ப்பிலிருந்து தொடங்காமல் சட்டப் பிரிவிலிருந்து தொடங்குவதே என் பழக்கம். கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளின் உரிமை என்றால் ஹிந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 6-ஆவது பிரிவு. தந்தை சுயமாகச் சம்பாதித்து, உயில் எழுதாமல் விட்டுச்சென்ற சொத்து என்றால் 8-ஆவது பிரிவு. இந்த வேறுபாட்டை முதலில் தெளிவுபடுத்திக் கொள்ளாவிட்டால், கிடைக்கும் தீர்ப்புகள் அனைத்தும் வேறொருவரின் கேள்விக்கான விடைகளாகவே இருக்கும்.

அடுத்தது சொல். அரசமைப்புச் சட்டத்தின் 348-ஆவது பிரிவின்படி உச்சநீதிமன்றத்தின் மொழி ஆங்கிலம். சென்னை உயர்நீதிமன்றத்திலும் அதுவே. நாம் பேசும் சொல் வேறு, நீதிபதி எழுதும் சொல் வேறு. 'பூர்விகச் சொத்து' என்று நாம் எண்ணுவதைத் தீர்ப்புகள் பெரும்பாலும் 'கோபார்சனரி' என்ற சொல்லால் குறிக்கின்றன. முழு வாக்கியமாகக் கேள்வி கேட்பதைவிட, அத்தகைய சொல்லையும் பிரிவு எண்ணையும் இரட்டை மேற்கோள் குறிக்குள் இட்டு, சட்டத்தின் பெயரையும் சேர்த்துத் தேடினால் பதர் நீங்கி மணி நிற்கும்.

பிரிவு எண்ணை மட்டும் நம்புவதும் ஆபத்து. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 482 என்பது வழக்கை ரத்து செய்ய உயர்நீதிமன்றத்துக்கு உள்ள உள்ளார்ந்த அதிகாரம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அதே 482 முன்ஜாமீனைக் குறிக்கிறது. அந்த உள்ளார்ந்த அதிகாரம் 528-க்குச் சென்றுவிட்டது. சட்டத்தின் பெயரும் ஆண்டும் சேராத எண் நம்மை வேறு ஊருக்கு அழைத்துச் சென்றுவிடும்.

மூன்றாவது, சரிபார்ப்பு. முடிவுகளை அண்மைக் காலத்தவை முதலில் வரும்படி மாற்றி ஒருமுறை பார்க்க வேண்டும். பிறகு, கையில் உள்ள தீர்ப்பைப் பின்னால் வந்த எந்தெந்தத் தீர்ப்புகள் மேற்கோள் காட்டியுள்ளன என்ற பட்டியலைத் திறக்க வேண்டும். 'இந்தியன் கானூன்' தளத்திலேயே இந்த வசதி உண்டு. அந்தப் பெண்மணியின் தீர்ப்புக்கு இதைச் செய்தபோது, வினீதா சர்மா வழக்கு சில நிமிடங்களில் கண்ணில் பட்டது. இரு தீர்ப்புகள் முரண்பட்டால் நீதிபதிகளின் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். பெரிய அமர்வின் தீர்ப்பே சிறிய அமர்வைக் கட்டுப்படுத்தும்.

நான்காவது, முழுமையாகப் படிப்பது. தேடல் முடிவில் தெரியும் இரண்டு வரிகள் பல நேரங்களில் தோற்ற தரப்பின் வாதமாக இருக்கும். அதைத் தீர்ப்பென்று எடுத்துக்கொண்டு ஏமாந்தவர்களில் தொடக்க காலத்தில் நானும் ஒருவன்.

இவையெல்லாம் பாமரர்களுக்கு மட்டுமான எச்சரிக்கைகள் அல்ல. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஏ பிரிவை 2015 மார்ச் 24 அன்று உச்சநீதிமன்றம் செல்லாது என்று அறிவித்தது. அதன் பிறகும் நாட்டின் பல பகுதிகளில் காவல்துறை அப்பிரிவின்கீழ் வழக்குப் பதிந்ததால், அதன்படி எவர்மீதும் வழக்குத் தொடரக் கூடாது என்று 2022-இல் மீண்டும் உத்தரவிட நேர்ந்தது. அமெரிக்காவில் 'மாட்டா எதிர் ஏவியாங்கா' வழக்கில், செயற்கை நுண்ணறிவுச் செயலி கற்பனையாக உருவாக்கிய தீர்ப்புகளை மனுவில் சேர்த்த வழக்குரைஞர்களுக்கு 2023-இல் நியூயார்க் நீதிமன்றம் 5,000 டாலர் அபராதம் விதித்தது. இல்லாத தீர்ப்பை நம்பியவர்கள் அவர்கள். இல்லாமற்போன சட்டத்தை நம்பியவர்கள் இவர்கள். மூல ஆவணத்தைத் திறந்து பார்க்கும் பழக்கம் இரு தவறுகளையும் தடுத்திருக்கும்.

உச்சநீதிமன்றத் தீர்ப்புகள் பல இப்போது தமிழிலும் மொழிபெயர்த்து வெளியிடப்படுகின்றன. இது பெரிய வரவு. ஆயினும், சட்டப்படி ஆங்கில மூலமே ஏற்கத்தக்கது என்பதை மறந்துவிடக் கூடாது. தமிழில் படித்துப் புரிந்துகொண்டு, முடிவெடுக்குமுன் மூலத்தோடு ஒப்பிடுவதே நல்லது.

தேடத் தெரிந்தவர் வழக்குரைஞர் ஆகிவிடுவதில்லை. ஆனால், சரியான கேள்வியோடு வழக்குரைஞரிடம் செல்ல முடியும். சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம் 1987-இன் 12-ஆவது பிரிவின்படி, வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்கள் இலவச சட்ட உதவி பெறத் தகுதியுடையவர்கள். அந்தப் பெண்மணி கையொப்பமிடவில்லை. 2020-ஆம் ஆண்டுத் தீர்ப்பின் நகலோடு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக் குழுவை அணுகியிருக்கிறார். அவருடைய பங்கு எவ்வளவு என்பதை இனி சட்டம் முடிவு செய்யும். பழைய தீர்ப்பொன்றின் முதல் பக்கம் முடிவு செய்யாது.