உம்மாவுக்கு ஓய்வு கொடுப்பது யார்?

விசேட தேவையுடைய ஒரு பிள்ளையைப் பற்றிப் பேச்சு வந்தால், என்ன மருந்து, எந்தப் பாடசாலை என்று விசாரிப்போம். அந்தப் பிள்ளையின் உம்மா கடைசியாக எப்போது விடியும்வரை தூங்கினார் என்று யாரும் கேட்பதில்லை. தூக்கிக் குளிப்பாட்டுவது, ஊட்டிவிடுவது, வலிப்பு வருமோ என்று இரவில் விழித்திருப்பது: இந்த வேலைக்கு லீவு கிடையாது. பராமரிப்பவருக்குச் சில மணி நேரமோ சில நாட்களோ ஓய்வு கிடைப்பதற்காக, பழகிய இன்னொருவர் பிள்ளையைப் பொறுப்பெடுப்பதைத்தான் ஓய்வுப் பராமரிப்பு என்கிறார்கள். அதன் வரலாற்றைக் கொஞ்சம் பார்ப்போம்.

நமக்கு நெருக்கமான ஒரு செய்தியிலிருந்து தொடங்கலாம். திமிஷ்கைத் தலைநகராகக் கொண்டு 705 முதல் 715 வரை ஆண்டவர் உமையா கலீபா வலீத் இப்னு அப்துல் மலிக். தொழுநோயாளர்கள் மக்களிடம் கையேந்தாமல் இருக்க அவர் உதவித்தொகை கொடுத்தார். நடக்க முடியாதவர்களுக்குப் பணியாளரையும் பார்வையற்றவர்களுக்கு வழிகாட்டியையும் நியமித்தார் என்று இமாம் தபரி தம் வரலாற்று நூலில் பதிந்திருக்கிறார். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று: காசு மட்டும் கொடுக்கவில்லை, ஆளையும் கொடுத்தார். வீட்டுக்கு ஓர் ஆள் வந்தால் வீட்டிலுள்ளவர்களின் சுமையும் குறையும்.

இன்றைய முறை உருவானது பெரும்பாலும் கடந்த அறுபது ஆண்டுகளுக்குள்தான். பிரித்தானியாவில் நீண்ட காலமாகக் குடும்பங்களுக்கு இரண்டே வழி இருந்தது. ஒன்று, பிள்ளையைப் பெரிய விடுதி வைத்தியசாலையில் விட்டுவிடுவது. மற்றது, எந்த உதவியுமின்றி வீட்டில் வைத்துப் பார்ப்பது. 1971இல் அரசு, விடுதிகளைக் குறைத்து ஊருக்குள்ளேயே பராமரிக்கும் கொள்கையை அறிவித்தது. பிள்ளைகள் வீட்டில் வளர்வது நல்லதுதான். ஆனால் வீட்டிலிருப்பவர் களைத்து விழுந்தால்?

1974இல் ரக்பி என்ற ஊரில் இதற்கு ஒரு பதில் கிடைத்தது. 'குரொஸ்ரோட்ஸ்' என்ற தொலைக்காட்சித் தொடரில் சக்கர நாற்காலியில் இருக்கும் ஒரு பாத்திரம் வந்தது. அதே ஊரில் கடுமையான இயலாமையுடன் தன் தாயின் பராமரிப்பில் வாழ்ந்த ஓர் இளைஞர், தொடரில் காட்டுவதற்கும் வீட்டில் நடப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை எடுத்துச் சொன்னார். தொலைக்காட்சி நிறுவனம் 10,000 பவுண் கொடுத்தது. அதைக் கொண்டு, பராமரிப்பவருக்கு மாற்றாக வீட்டுக்கே உதவியாளரை அனுப்பும் திட்டம் தொடங்கியது. பின்னர் அது நாடெங்கும் பரவியது.

அடுத்தது ஒக்ஸ்போர்ட். 1978இல் ஹெலன் என்ற சின்னப் பிள்ளைக்கு மூளையில் கட்டி. சத்திரசிகிச்சைக்குப் பின் முழுமையாகப் பிறரைச் சார்ந்திருக்கும் நிலை. பெற்றோர் வீட்டுக்குக் கொண்டுவந்து பார்த்தார்கள். தாதியாகப் பயிற்சி பெற்ற கன்னியாஸ்திரி பிரான்சிஸ் டொமினிக்கா அந்தக் குடும்பத்துக்குச் சிநேகிதமானார். பெற்றோர் இளைப்பாறட்டும் என்று இடையிடையே பிள்ளையைத் தன் மடத்துக்கு அழைத்துச் சென்று பார்த்துக்கொண்டார். அந்தச் சிறிய உதவியிலிருந்தே 1982இல் 'ஹெலன் ஹவுஸ்' என்ற சிறுவர் பராமரிப்பு இல்லம் பிறந்தது. உலகில் அந்த வகையில் முதலாவது அதுதான்.

2006இல் ஐக்கிய நாடுகள் சபை இயலாமையுடைய நபர்களின் உரிமைகள் பற்றிய சமவாயத்தை ஏற்றுக்கொண்டது. வறுமையில் வாழும் இத்தகைய குடும்பங்களுக்கு அரசு செய்ய வேண்டிய உதவிகளில் ஓய்வுப் பராமரிப்பையும் அதன் 28ஆம் உறுப்புரை பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. இலங்கை 2016இல் அதை ஏற்று உறுதிப்படுத்தியது. ஆகவே இது யாரும் போடும் தர்மம் இல்லை, உரிமை. ஆனாலும் நம் ஊர்களில் அந்த உம்மாமாருக்குக் கிடைப்பது பெரும்பாலும் மூத்த மகளின் கைதான். அந்த மகள் பாடசாலைக்கு வராத நாட்களை இடாப்பில் குறிப்பது எங்களைப் போன்ற ஆசிரியர்கள்தான்.

அரசிடம் கேட்போம், கேட்டுக்கொண்டே இருப்போம். அதுவரை நாம் செய்யக்கூடியதும் உண்டு. ஒரு வீட்டுக்கு நம்பிக்கையான இரண்டு பேர், கிழமைக்கு இரண்டு மணித்தியாலம். முதல் சில தடவைகள் உம்மாவோடு கூடவே இருந்து, எப்படி ஊட்டுவது, எப்படித் தூக்குவது, வலிப்பு வந்தால் என்ன செய்வது என்று பழக வேண்டும். பிள்ளையும் அவர்களுக்குப் பழக வேண்டும். அதன் பிறகே உம்மா வெளியே போகலாம், அல்லது பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கலாம்.

உங்கள் ஒழுங்கையில் அப்படி ஒரு வீடு இருந்தால், இந்தக் கிழமை போய்ப் பாருங்கள். பிள்ளை எப்படி என்று கேட்ட பிறகு, உம்மாவையும் கேளுங்கள்.