கலைவாணரும் கிந்தனாரும்

கோலார் தங்கவயலில், ஊரிகம் முதலிய சுரங்கங்களில் தலைமுறை தலைமுறையாக இறங்கிப் பொன்னெடுத்த தமிழருள் மிகப் பலர் ஒடுக்கப்பட்ட குடியினர். அவர்தம் வாழ்வை எண்ணும்போது, கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் நம் நினைவுக்கு வருகிறார்.

1908இல் நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில், ஏழைக் குடும்பத்தில் பிறந்தார் அவர். டி. கே. எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் பயின்றார். 1936இல் வெளிவந்த ‘சதி லீலாவதி’யில் நடித்தார். நகைச்சுவைக் காட்சிகளைத் தாமே அமைத்து, மனைவி டி. ஏ. மதுரத்துடன் நடித்துப் புகழெய்தினார். 1944இல் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கைதாகி, 1947இல் விடுதலை பெற்றார். சிறை அவர் சிரிப்பைக் கசப்பாக்கவில்லை.

1949இல் வெளியான ‘நல்லதம்பி’யில் அவர் நிகழ்த்திய ‘கிந்தனார்’ காலட்சேபத்தை மறக்க இயலுமா? நந்தனார் தில்லையைக் காண ஏங்கினார். சேரிச் சிறுவன் கிந்தனோ கல்விக்கு ஏங்கி, ரயிலேறிப் பட்டணம் சென்று படித்து உயர்ந்தான். கேட்டோர் சிரித்தனர், சிரித்தபின் சிந்தித்தனர்.

கலைவாணர் 1957இல் மறைந்தார். தங்கவயல் சுரங்கங்கள் 2001இல் மூடப்பட்டன. இன்று அத்தொழிலாளரின் மக்கள் பலர் நாள்தோறும் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்கின்றனர். பொன் தீர்ந்தாலும் தீராத செல்வம் கல்வியே என்பதை, கிந்தனாரின் கதை நமக்கு இன்றும் உணர்த்துகிறது.