தாளிலிருந்து கைபேசிக்கு: மனநோயாளரின் அறிதிறன் சோதனையும் குமரி மாவட்டமும்

மனச்சிதைவு நோய் என்றதும் காதில் குரல் கேட்பதும் காரணமற்ற சந்தேகமுமே பேசப்படுகின்றன. ஆனால் நோயாளி மீண்டும் வேலைக்குப் போவாரா, வீட்டுக் கணக்கைப் பார்ப்பாரா என்பது பெரிதும் கவனம், நினைவாற்றல், திட்டமிடல் ஆகிய அறிதிறன்களைப் பொறுத்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஜெர்மானிய மருத்துவர் கிரேப்பலின் இத்திறன்களின் தேய்வை நோயின் மையத்தில் வைத்தார். பின்னாளில் மங்கிப்போன அந்தப் பார்வைக்கு 1996இல் உளவியலாளர் மைக்கேல் கிரீன் எழுதிய ஆய்வுத் தொகுப்பு புத்துயிர் தந்தது. அளக்கும் கருவிகளின் கதை தனி. எண்களையும் எழுத்துகளையும் வரிசையாகக் கோட்டால் இணைக்கும் சோதனை, 1944இல் அமெரிக்க ராணுவத்தின் சோதனைத் தொகுப்பில் இடம்பெற்றது. எழுத்தறியாதோரையும் சோதிக்கும் செயல்முறைத் தொகுப்பை 1955இல் இந்திய உளவியலாளர் பாட்டியா வெளியிட்டார். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் 2004இல் இந்தியருக்கான நரம்பு உளவியல் தொகுப்பை அளித்தது. கருவிகள் நம் மண்ணுக்கு நெருங்கி வந்தன. அளக்கும் முறை மட்டும் மாறவில்லை. பயிற்சி பெற்ற உளவியலாளர் எதிரே ஒருமுறை உட்கார்ந்து எழுந்ததே நோயாளியின் அளவாக நின்றது.

இந்த 'ஒருமுறை'தான் பழைய முறையின் அடிப்படைக் குறை என்பது என் வாதம். குமரி மாவட்டத்தையே எடுத்துக்கொள்வோம். 1956 வரை திருவிதாங்கூர், திருவிதாங்கூர்-கொச்சி ஆட்சிகளில் இருந்த அதற்கு, மனநல மருத்துவமனை என்றால் திருவனந்தபுரம் ஊளம்பாறைதான். 2001இல் ஆசாரிபள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தபின் தொலைவு குறைந்தது. ஆயினும் பேருந்தில் வந்து, வரிசையில் காத்திருந்து, களைத்த நிலையில் எழுதும் சோதனை அந்த ஒரு நாளின் மனதையே காட்டும். வீட்டிலிருந்தபடியே பலமுறை சோதிக்க வழிசெய்து கைபேசி இதை மாற்றுகிறது. பாஸ்டனில் ஜான் டோரஸ் குழு உருவாக்கிய மைண்ட்லாம்ப் செயலியில், அதே கோடிணைப்புச் சோதனை எண்ணிட்ட மணிகளை வரிசையாகத் தொடும் விளையாட்டாகியிருக்கிறது. எழுத்துகள் இல்லாததால் மொழிச் சிக்கலும் குறைகிறது. பாஸ்டன், பெங்களூரு, போபால் ஆகிய மூன்று இடங்களில் நடந்து 2023இல் வெளியான ஆய்வில், நோய் திரும்பத் தலைதூக்குவதற்கு முந்தைய மாதத்தில் கைபேசித் தரவுகளில் வழக்கத்திலிருந்து விலகிய பிறழ்வுகள் மற்ற காலத்தைவிட இருமடங்குக்கும் சற்றுக் கூடுதலாக இருந்தன.

ஏழைகளிடம் கைபேசி ஏது, இருந்தாலும் கையாளத் தெரியுமா என்பது முதல் மறுப்பு. 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழகத்தின் முதல் மாவட்டமான குமரியில் கையாளத் தெரியாமை பெருந்தடையாகாது. ஆனால் வீட்டில் ஒரே கைபேசியைப் பலர் பயன்படுத்தினால், மணிகளைத் தொட்டது யார் விரல்? இது உண்மையான சிக்கல். இன்னொன்றும் உண்டு: நோய்க்கான சில மருந்துகள் கையை நடுங்கவைக்கும், இயக்கத்தை மந்தமாக்கும். விரல் தாமதித்ததை மூளையின் தாமதமென்று எண்ணிவிடக் கூடாது. விடியுமுன்னே ரப்பர் பால்வெட்டப் போகிறவரையும், நாள்கணக்கில் ஆழ்கடலில் தங்கும் தூத்தூர் மீனவரையும் பெங்களூரின் சராசரியோடு ஒப்பிடுவதும் தவறு. ஒருவரை அவருடைய போன மாதத்தோடு ஒப்பிடுவதே முறை. அடிக்கடி ஆடுவதால் வரும் பழக்கத் தேர்ச்சியையும் அதில் கழித்துப் பார்க்க வேண்டும். எல்லாவற்றிலும் கனமான மறுப்பு, தன்னை யாரோ வேவு பார்க்கிறார்கள் என்று அஞ்சும் நோயாளியின் கையிலேயே கண்காணிக்கும் கருவியைத் தருவது. அதற்கு நியாயமான விடை ஒன்றே: எந்தத் தரவு, யாருக்கு, எதற்கு என்று அவருக்கு விளக்கி, அவர் மறுத்தால் விட்டுவிடுவது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியின் ஒப்புதலையும் அந்தரங்கத்தையும் உரிமையாக்கியிருக்கிறது. குமரியில் இம்முறையைக் கொண்டுவருவோர் ஆசாரிபள்ளத்தின் சிறு குழுவோடு, நோயாளிகளையும் குடும்பத்தாரையும் சேர்த்துக்கொண்டு தொடங்கட்டும். செயலியை நிறுவுவதற்கு முன்பே அவர்களிடம் கேட்கட்டும்.