சியாக்காப் குஞ்சுகளைச் சுழலவைக்கும் நோய்

கிள்ளான் சந்தையிலும் பிரிக்பீல்ட்ஸ் உணவகங்களிலும் கிடைக்கும் சியாக்காப், தமிழ்நாட்டில் கொடுவா, பெரும்பாலும் வளர்ப்பு மீன்தான். கெத்தாம் தீவை ஒட்டிய நீரில் மிதக்கும் கூண்டுகளில் மீன் வளர்ப்பு நடக்கிறது. கூண்டுக்கான குஞ்சுகள் பொரிப்பகங்களிலிருந்து வருகின்றன. ஆபத்தும் அங்கேதான் தொடங்குகிறது.

நோடா வைரஸ் குஞ்சின் மூளையையும் விழித்திரையையும் அரித்துத் துளைகளாக்கிவிடும். குஞ்சு கறுத்து, இரையெடுக்காமல், பம்பரம்போல் சுழன்று நீந்தும். காற்றுப்பை உப்பி மேலே மிதக்கும். பொரித்து ஒரு மாதம்கூட ஆகாத குஞ்சுகள் என்றால், சில நாளில் தொட்டியே காலியாகிவிடலாம். கெராப்பு குஞ்சுகளையும் இது விடுவதில்லை. வைரஸ் என்பதால் அன்டிபயாட்டிக் கொட்டுவது காசுக்குக் கேடு. மனிதருக்கு இது தொற்றியதாகப் பதிவில்லை.

தாய்மீனிடமிருந்து முட்டை வழியாகவும் நீர் வழியாகவும் நோய் பரவும். தாய்மீனைச் சோதித்து, முட்டைகளை ஓசோன் கலந்த நீரில் கழுவி, தொட்டியில் நெரிசலைக் குறைக்க வேண்டும். சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆய்வு நிறுவனம் இதற்கொரு தடுப்பூசி உருவாக்கியுள்ளது. ஆனால் இமை மயிரளவு குஞ்சுக்கு ஊசி போடுவது எங்கே?

பிழைத்த குஞ்சு பார்வைக்கு நன்றாக இருந்தாலும் கிருமியைச் சுமந்து கூண்டுக்கு வரும். வாங்குபவர் பிசிஆர் சோதனை முடிவைக் கேட்டு வாங்கலாம்.