காசை விடாத ரக்கூன்

அமெரிக்காவின் ஆர்க்கன்சா மாநிலத்தில் இருக்கும் ஹாட் ஸ்பிரிங்ஸ், நம் குற்றாலம் மாதிரி ஒரு குளியல் ஊர். வெந்நீர் ஊற்றில் முங்கினால் உடம்பு வலி போகும் என்று வருகிறவர்கள், மிச்சப் பொழுதுக்கு ஊர் சுற்றுவார்கள். அவர்களை நம்பி 1955-ல் அங்கே ஒரு காட்சிசாலை திறந்தது. பெயர் ஐ.க்யூ. ஜூ. கண்ணாடிப் பெட்டியின் துளையில் காசு போட்டால் உள்ளே விளக்கு எரியும். கோழி பியானோக் கட்டைகளைக் கொத்தும், வாத்து டிரம் அடிக்கும். இன்னொரு கோழி, ஒன்பது கட்டத்தில் பெருக்கலும் வட்டமும் போடும் ஆட்டத்துக்கு ஆளைக் கூப்பிடும், பெரும்பாலும் ஜெயிக்கும். எந்தக் கட்டத்தில் போடுவது என்று தீர்மானித்தது பெட்டிக்குள் இருந்த மின்சுற்றுதான். கோழி கண்டது கொத்தவேண்டிய இடமும் அதற்குக் கிடைக்கும் தானியமும். தோற்றுப்போனவர்கள் இதைத் தெரிந்துகொள்ள விரும்பியிருக்க மாட்டார்கள்.

நாய் பழக்கி வயிறு வளர்க்கிற எனக்கு அந்தக் காட்சிசாலை மேல் தனி மரியாதை உண்டு. இன்று என் விரலில் மாட்டியிருக்கும், அழுத்தினால் ‘டிக்’ என்னும் கிளிக்கருக்கு ஆய்வுக்கூடத்திலும் ஒரு பூர்விகம் உண்டுதான். ஆனால் தொழில் கற்றது அந்தக் காசுப்பெட்டிகளுக்குள்தான். “பிஸ்கட் கையில இருந்தாத்தான் சார் கேக்குது, இல்லைன்னா நம்மளத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்குது” என்று என்னிடம் நாயைக் கொண்டுவருகிறவர்கள் வாரம் தவறாமல் சொல்கிற புகாரையும், அந்தப் பெட்டிகளை வடித்த தம்பதிதான் முதன்முதலில் அச்சில் ஒப்புக்கொண்டார்கள்.

கெல்லர் பிரெலண்டும் மரியன் பிரெலண்டும் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் பி.எஃப். ஸ்கின்னரிடம் படித்தவர்கள். எலியைப் பெட்டியில் விட்டு, கம்பியை அழுத்தினால் தீனி விழும்படி செய்து, பழக்கம் எப்படி உருவாகிறது என்று கணக்கெடுத்தவர் ஸ்கின்னர். அவருடைய 1938-ஆம் வருடப் புத்தகமான ‘உயிரிகளின் நடத்தை’க்கு மெய்ப்பு பார்த்தவர்களில் மரியனும் ஒருவர். இரண்டாம் உலகப் போர் வந்தது. குண்டை இலக்குக்கு வழிநடத்தப் புறாவைப் பழக்கலாம் என்றார் ஸ்கின்னர். திரையில் தெரியும் இலக்கின் உருவத்தைப் புறா கொத்தக் கொத்த, குண்டு அந்தத் திசைக்குத் திரும்ப வேண்டும். மினியாபொலிசில் ஜெனரல் மில்ஸ் கம்பெனியின் மாவு மில்லில், மேல்மாடியில் வேலை நடந்தது. பிரெலண்ட் தம்பதி அதில் உதவியாளர்கள்.

ராணுவம் புறாவை நம்பவில்லை. 1944-ல் திட்டத்தை மூடிவிட்டது. எங்கள் தொழிலுக்கு மிஞ்சியது 1943-ல் அந்த மாடியில் நடந்த ஒரு விளையாட்டு. வாஷிங்டனிலிருந்து பதில் வராமல் சும்மா கிடந்த ஒரு நாள், ஸ்கின்னரும் கெல்லரும் நார்மன் கட்மனும் ஒரு புறாவுக்குப் பந்து உருட்டக் கற்றுக்கொடுக்க உட்கார்ந்தார்கள். அலகால் மரப்பந்தை ஒரு தட்டு தட்டினால் தீனிப்பெட்டியைத் திறப்பது என்று ஏற்பாடு. காத்திருந்தார்கள், ஒன்றும் நடக்கவில்லை. சரி, பந்தைப் பார்த்தாலே தீனி என்று இறங்கிவந்தார்கள். பிறகு பந்துப் பக்கம் தலை திரும்பினால். பிறகு அலகு பட்டால். சில நிமிஷத்தில் பந்து பெட்டிச் சுவர்களில் மோதி எகிற ஆரம்பித்தது. அதுவரை தீனியைக் கொடுத்தது இயந்திரம். அன்றைக்கு மனிதர் கை. எந்த நொடியில் கொடுப்பது என்பதைக் கண்ணால் பார்த்துத் தீர்மானிக்கலாம் என்பது அன்றுதான் அவர்களுக்குப் பிடிபட்டது. என் அனுபவத்தில் இந்தத் தொழிலில் முக்கால்வாசி இதுதான். மீதி, ஈரல் வேகவைப்பது.

ஆய்வுப் பெட்டியில் எலியை ஓட வைத்தது தீனியைவிட முந்திக் கேட்கும் ‘டிக்’ சத்தம் என்பது ஸ்கின்னருக்கு முன்பே தெரியும். தீனி விழும் கருவி எழுப்பும் சத்தம் அது. கேட்டதும் எலி திரும்பிவிடும். தூரத்தில் நிற்கிற மிருகத்துக்கு, சரியாகச் செய்த அதே நொடியில் கறியை நீட்ட முடியாது, சத்தத்தை அனுப்பலாம். செயலுக்கும் கூலிக்கும் நடுவே போட்ட பாலம் என்று அந்தச் சத்தத்துக்குப் பெயர் வைத்தவர் கெல்லர். பாலத்துக்கு விலை உயர்ந்த கருவி எதுவும் தேவைப்படவில்லை. அழுத்தினால் சில்வண்டு மாதிரி சத்தம் போடும் தகர பொம்மை கடையிலேயே கிடைத்தது. 1944 ஜூனில் நார்மண்டியில் குதித்த அமெரிக்க 101-ஆவது வான்வழிப் படைப் பிரிவினரும் அதே வகையில் பித்தளையில் செய்ததைக் கையில் வைத்திருந்தார்கள்: இருட்டில் ஒரு தடவை அழுத்தினால், எதிரே இருப்பவன் நம் ஆளாக இருந்தால் இரண்டு தடவை அழுத்த வேண்டும்.

பிரெலண்ட் தம்பதி படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு விலங்குகளைப் பழக்கும் கம்பெனி தொடங்கினார்கள். முதலில் அவர்கள் கண் வைத்தது நாய்க்காரர்கள் மேல்தான். அடிக்காமல், கழுத்தை இறுக்காமல் பழக்கலாம் என்று சொல்லிப் பார்த்தார்கள். யாரும் வாங்கவில்லை. அந்தக் காலத்து நாய்ப் பழக்கத்தின் வேர், ஜெர்மானியப் போலீஸ் நாய்களைப் பழக்கிய கொன்ராட் மோஸ்ட் 1910-ல் எழுதிய புத்தகத்தில் இருந்தது; வாரும் கட்டாயமும்தான் அதன் அடிப்படை. 1962-ல் வில்லியம் கோலர் எழுதிய புத்தகமும் இறுக்குச் சங்கிலியை வைத்தே அமோகமாக விற்றது. அவர்களை முட்டாள்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அவர்கள் பழக்கிய நாய்கள் சொன்னபடி கேட்டன. ஓடுகிற வண்டியின் சக்கரத்தை யார் மாற்றுவார்கள்?

அதனால் கம்பெனிக்குச் சோறு போட்டது கோழியும் பன்றியும். முதல் வாடிக்கையாளர் அதே ஜெனரல் மில்ஸ்; அவர்களுடைய கால்நடைத் தீவனத்துக்கு விளம்பரம் தேவைப்பட்டது. பியானோ வாசிக்கும் கோழிகள் சந்தை சந்தையாகப் போயின. அப்புறம் பிரிசில்லா என்ற சுத்தக்காரப் பன்றி வந்தது. ரேடியோவைப் போடும், மேசையில் காலை உணவு சாப்பிடும், அழுக்குத் துணியைக் கூடையில் சேர்க்கும், தரையை வாக்குவம் கிளீனரால் துடைக்கும். பன்றி சில மாதத்தில் மேடை கொள்ளாமல் பெருத்துவிடுவதால், அடுத்தடுத்துப் புதுப் பிரிசில்லாக்கள். பழக்கிய விலங்கைத் தீவனக் கம்பெனியின் விற்பனை ஆளிடம் ஒப்படைத்தாலும் வித்தை நடந்தது என்பதில்தான் பிரெலண்டுகளின் சாமர்த்தியம். சர்க்கஸ்காரனின் ரகசியமாக இருந்த கைவேலையை, சொல்லிக்கொடுக்கக் கூடிய தொழிலாக்கினார்கள்.

1951 டிசம்பரில் ஸ்கின்னரே ‘சயண்டிஃபிக் அமெரிக்கன்’ பத்திரிகையில், வீட்டு நாயை அந்தச் சில்வண்டு பொம்மையால் எப்படிப் பழக்குவது என்று எழுதினார். அடுத்த வருடம் ‘லுக்’ பத்திரிகைக்காரர்கள் வந்தபோது, ஆக்னஸ் என்ற டால்மேஷன் நாயைச் சுவரில் போட்ட கோடுகளின் உயரத்துக்குத் தாவ வைத்தார். படக்காரரின் பிளாஷ் வெளிச்சமே அங்கே ‘டிக்’. நாயுலகம் அப்போதும் அசையவில்லை.

இனி ரக்கூன். 1961-ல் பிரெலண்ட் தம்பதி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதற்குள் 38 இனங்களில் 6,000-க்கும் மேற்பட்ட விலங்குகளைப் பழக்கி முடித்திருந்தார்கள். கட்டுரையின் தலைப்பு ‘உயிரிகளின் துர்நடத்தை’. குருவின் புத்தகத்துக்கு மெய்ப்பு பார்த்த கை, அதே தலைப்பில் ஒரு முன்னொட்டைச் சேர்த்து அவரைச் சீண்டியது. சொன்ன விஷயம் இதுதான்: ரக்கூன் காசை எடுத்து உண்டியலில் போட வேண்டும், போட்டால் தீனி. ஒரு காசு வரைக்கும் பரவாயில்லை. இரண்டு காசு போட வேண்டும் என்றதும் வந்தது வினை. உண்டியலுக்குள் காசை விட்டு விட்டு வெளியே இழுக்கும். இரண்டையும் உள்ளங்கையில் வைத்துத் தேய்க்கும். கருமியைப் போல நிமிஷக்கணக்கில் தேய்த்துக்கொண்டே இருக்கும். ஆற்றங்கரையில் நண்டு, இறால் கிடைத்தால் ரக்கூன் அப்படித்தான் புரட்டித் தேய்க்கும். தீனியோடு சேர்ந்து சேர்ந்து காசே தீனியாகிவிட்டது. பன்றியின் கதை இதைவிட மோசம். மரக்காசை வாயில் கவ்விக் கொண்டுபோக வேண்டியது, வழியில் கீழே போட்டு மூக்கால் மண்ணைக் கிளறுவதுபோல் முட்டும், தூக்கி எறியும், மறுபடி முட்டும். நான்கு காசை ஆறடி தூரம் கொண்டுபோக ஒரு பன்றி பத்து நிமிஷம் எடுத்துக்கொண்டது. பசி கூடக் கூட வேலை வேகமாகும் என்பது புத்தக வாக்கு. இங்கே பசி கூடக் கூட முட்டுவதுதான் கூடியது.

ஆய்வாளர்கள் இதை வைத்து வருடக்கணக்காகச் சண்டை போட்டார்கள். எனக்குப் பிடித்தது, பிரெலண்டுகள் அதைக் கடையில் எப்படிச் சமாளித்தார்கள் என்பது. மேடையில் அசையாமல் நிற்கப் பழக்கிய கோழிகளில் பாதிக்கு மேல் நிற்காமல் தரையைச் சீய்த்துக்கொண்டே இருந்தன. அதோடு மல்லுக்கட்டவில்லை. பாட்டுப்பெட்டியைப் பக்கத்தில் வைத்து ‘நடனமாடும் கோழி’ என்று போர்டு மாட்டிவிட்டார்கள். காசு கொட்டியது.

என்னிடம் பழகவந்த பூந்தியும் ஒரு ரக்கூன்தான். ஒரு வயது நிறையாத லாப்ரடார். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வளர்த்தது. இடுப்புப் பையில் ஈரல் இருப்பது தெரிந்துவிட்டால், கூப்பிடாமலே வந்து உட்காரும், படுக்கும், உருளும், இடது கை கொடுக்கும், வலது கை கொடுக்கும். தெரிந்த வித்தை எல்லாவற்றையும் மூச்சு விடாமல் ஒப்பித்துவிட்டு, எச்சில் இரண்டு நூலாகத் தொங்கப் பையையே பார்க்கும். சொன்ன வார்த்தை காதில் ஏறியிருக்காது.

“பேராசை தம்பி இதுக்கு. கண்டிச்சு வைக்கணும்.”

“டீச்சர், நீங்க சம்பளம் இல்லாம ஒரு மாசம் போயிருப்பீங்களா?”

“போயிருக்கேனே, 2003 ஸ்ட்ரைக்ல” என்றார். பதில் சொல்ல எனக்கு வாயில்லை.

அவர் பேராசை என்றதற்கு ரத்தத்திலேயே காரணம் இருக்கலாம். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் எலினார் ராஃபன் குழு 2016-ல் கண்டுபிடித்தது: லாப்ரடார்களில் ஏறக்குறைய நாலில் ஒன்றுக்குப் பசியை அடக்கும் மரபணுவில் ஒரு துண்டு குறைகிறது, அவை எடை கூடுகின்றன, தீனிக்கு அலைகின்றன. மாற்றுத்திறனாளிகளுக்கு உதவப் பழக்கிய லாப்ரடார்களில் பார்த்தபோது அந்தக் குறை நாலில் மூன்று நாய்களுக்கு இருந்தது. பழக்குகிறவர்கள் மரபணுவைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கவில்லை, சுலபமாகப் பழகுகிற குட்டியைத் தேர்ந்தெடுத்தார்கள். பூந்தியின் அலைச்சல்தான் என் மூலதனம், திட்டித் தீர்த்துவிட்டால் எனக்கு வேலையில்லை.

செய்தது இவ்வளவுதான். பையைக் கழற்றினேன். ஈரலுக்குப் பதில் அதன் வழக்கமான உலர்தீனியை மூடி போட்ட எவர்சில்வர் டப்பாவில் போட்டு ஜன்னல் மேல் வைத்தேன். பாதி வயிறு நிறைந்த பிறகுதான் பாடம். முதலில் பூந்தி டப்பாவுக்குக் கீழே போய்த் தவம் கிடந்தது. நான் சும்மா நின்றேன். எப்போதோ ஒரு கணம், தெருவில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டுத் தலையைத் திருப்பியது, டிக். பிறகுதான் நான் நடந்துபோய் டப்பாவைத் திறந்து ஒரு உருண்டை எடுத்து, அது நிற்கிற இடத்துக்கு நேர் எதிர்ப்பக்கம் போட்டேன். சத்தம் கேட்டால் கூலி உறுதி என்று தெரிந்த நாய் கல்லாவைக் காவல் காக்காது. கொஞ்சம் கொஞ்சமாக டப்பாவை விட்டு என் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தது, அதற்கு ஒரு டிக். டப்பா சுவரின் சாமானாகிவிட்டது. விருந்தாளி தட்டு முன்னால் மட்டும் இன்னமும் அதை நம்ப முடியாது; டீச்சரும் விருந்து என்றால் பூந்தியை மாடிக்கு அனுப்பிவிடுகிறார்.

நாய்க்காரர்கள் கடைசியில் மசிந்தது டால்பின் வழியாக. ஹவாயில் ஸீ லைஃப் பார்க் கட்டிய காலத்தில், 1963-ல், கேரன் பிரையர் அங்கே தலைமைப் பயிற்சியாளரானார். டால்பினுக்குக் கழுத்துவார் போட முடியாது. அதட்டினால் ஆழத்துக்குப் போய்விடும். விசிலும் மீனும்தான் வழி. அந்த அனுபவத்தை அவர் 1984-ல் ‘நாயைச் சுடாதே’ என்ற புத்தகமாக்கினார். தலைப்பில் நாய் இருந்தாலும் பாதிக்கு மேல் பேச்சு மனிதர்களைப் பற்றித்தான். 1992-ல் சான் பிரான்சிஸ்கோவில் அவரும் கேரி வில்க்ஸ் என்ற நாய்ப் பயிற்சியாளரும் சேர்ந்து, நாய்க்காரர்களைக் கூட்டிச் செய்து காட்டினார்கள். அதற்குப் பிறகு பெட்டிக் கிளிக்கர் கடைக்குக் கடை வந்துவிட்டது. மாவு மில் மாடிக்கும் இதற்கும் நடுவே கிட்டத்தட்ட ஐம்பது வருஷம்.

கெல்லர் 1965-லேயே போய்விட்டார். கடற்படையின் டால்பின் திட்டத்தில் பயிற்சிக்குத் தலைவராக இருந்து, பிறகு கம்பெனிக்கு வந்து சேர்ந்த பாப் பெய்லி, 1976-ல் மரியனைக் கைப்பிடித்தார். கம்பெனியை 1990-ல் மூடினார்கள். பிறகு இருவரும் ஹாட் ஸ்பிரிங்ஸில் கோழி முகாம் நடத்தினார்கள்: நாய் பழக்குகிறவர்கள் காசு கட்டி வந்து, மேசை மேல் கோழியை நிறுத்திப் பழகுவார்கள். மரியன் 2001-ல் காலமானார். முகாமில் கோழி ஏன் என்றால், நாய் நம் குளறுபடியைப் பொறுத்துக்கொண்டு, நாம் நினைத்தது என்ன என்று ஊகித்துச் செய்துவிடும். பழக்கியவன் தன் திறமை என்று நினைத்துக்கொள்வான். கோழி ஊகிக்காது. டிக் அரை நொடி பிந்தினால், பிந்திய நொடியில் செய்ததைக் கற்றுக்கொள்ளும்.

என்னிடம் வேலை கற்க வருகிற பையன்களுக்கும் நாய்க்கு முன்னால் நாட்டுக்கோழிதான். கம்பு நிறைந்த கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, சிவப்பு மூடியைக் கொத்தக் கற்றுக்கொடுக்கச் சொல்வேன். கோழி மூடியைப் பார்க்காது, கிண்ணத்தைத்தான் கொத்தும். கிண்ணத்தை முதுகுக்குப் பின்னால் பிடிக்க வேண்டும் என்று நான் சொல்வதில்லை; விரலில் நாலு கொத்து வாங்கியதும் அவர்களே பிடித்துக்கொள்கிறார்கள்.