முறிந்த அச்சும் இருபத்தாறு மரையும்

பாரம் ஏற்றிய சைக்கிளின் பின்சக்கரம் ஒரு புறமாகச் சாய்ந்து சட்டத்தில் உரசத் தொடங்கினால், சக்கரத்தின் நடுக்குடமான ஹப்புக்குள் அச்சு முறிந்துவிட்டது என்று அனுபவமுள்ள தொழிலாளி தொடாமலே சொல்லிவிடுவார். பல்சக்கரம் வலப்புறத்தில் இடத்தைப் பிடித்துக்கொள்வதால் அங்கே பேரிங் குண்டுகள் உள்ளே தள்ளி அமைய நேர்கிறது; தாங்குதலின்றி வெளியே நீண்டிருக்கும் அச்சின் அந்தப் பகுதியே பாரத்தின் அழுத்தம் முழுவதையும் ஏற்கிறது; மரை வெட்டிய பள்ளம் ஒவ்வொன்றும் இரும்பின் பலத்தைக் குறைப்பதால், குண்டுகளைத் தாங்கும் கோன் உட்கார்ந்திருக்கும் ஓரத்தில் மயிரிழை போன்ற வெடிப்பு தோன்றிப் பல மாதங்களில் பெருகி, ஒருநாள் துண்டாகிவிடுகிறது. நெல்மூட்டையும் பால்கேனும் சுமந்த சைக்கிள்களில் பின் அச்சு முறிவது சகஜம். முன் அச்சு முறிவது அபூர்வம்.

முறிந்ததை எடுப்பது பலத்தினால் ஆகும் காரியமன்று. வெளியே துண்டு நீட்டிக்கொண்டிருந்தால் அதில் இரண்டு நட்டுகளை மாட்டி, ஒன்றோடொன்று எதிரெதிராக இறுக்கி, உள் நட்டைப் பிடித்துத் திருகினால் துண்டு கோனைவிட்டுக் கழன்று வரும். கோனின் விளிம்போடு விளிம்பாக முறிந்திருந்தால் மண்ணெண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவைத்து, கோனைக் கிடுக்கியில் பிடித்து, முறிந்த முகத்தின் ஓரத்தில் சிறு உளியை வைத்துக் கழலும் திசையில் மெல்லத் தட்டுவார்கள்; அசைந்துகொடுத்த பிறகு விரலாலேயே எடுத்துவிடலாம். இந்த வித்தை முழுவதும் ஒரே நம்பிக்கையின்மேல் நிற்கிறது: மரை எந்தப் பக்கம் திரும்பும், அங்குலத்துக்கு எத்தனை என்பதைத் தொழிலாளி முன்கூட்டியே அறிந்திருக்கிறார் என்பதே அது. அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பதுதான் இக்கட்டுரையின் விஷயம்.

1841-ல் ஜோசப் விட்வொர்த் வகுத்த மரைக்கணக்கு இங்கிலாந்தின் யந்திரங்களுக்கெல்லாம் பொதுவாயிற்று. அதன்படி 3/8 அங்குல ஆணிக்கு அங்குலத்துக்கு 16 மரை. நீராவி யந்திரத்துக்குப் பொருந்திய இக்கணக்கு சைக்கிள் அச்சுக்குப் பொருந்தவில்லை. பள்ளம் ஆழமாயிருந்ததால் மெல்லிய அச்சு மேலும் மெலிந்தது. அன்றியும், கோனை ஒரு சுற்றுத் திருப்பினால் அது அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு நகர்ந்துவிட, குண்டுகளைச் சரியான அளவில் இறுக்குவது கடினமாயிற்று. ஆகையால் கோவென்ட்ரி, பர்மிங்ஹாம் நகரங்களின் தொழிற்சாலைகள் தத்தம் விருப்பப்படி நெருக்கமான மரைகளை வெட்டலாயின. ஒரு கம்பெனியின் நட்டு மற்றொன்றின் அச்சில் ஏறாத நிலை உண்டாயிற்று. 1890-களில் சைக்கிள் மோகம் தேசங்கடந்து பரவியபோது, இந்தக் குழப்பமும் கூடவே பிரயாணம் செய்தது.

1902-ல் இங்கிலாந்தின் சைக்கிள் எஞ்சினீயர்கள் சங்கம் இதற்கு ஒரு முடிவு கண்டது. விட்வொர்த்தின் 55 பாகைக் கோணத்துக்குப் பதிலாக 60 பாகை. பின் அச்சுக்கு 3/8 அங்குலம், முன் அச்சுக்கு 5/16 அங்குலம், இரண்டிலும் அங்குலத்துக்கு 26 மரை. போட்டியிட்டு வாழ்ந்த வியாபாரிகள் தங்களுக்குள் செய்துகொண்ட இவ்வொப்பந்தத்தை, நியூமாட்டிக் டயருக்கு நிகரான சாதனையாகவே நான் கருதுகிறேன். டயர் பிரயாணிக்குச் சுகத்தைத் தந்தது. இந்த ஒப்பந்தமோ, தொழிற்சாலையை வாழ்நாளில் கண்டறியாத ஒருவர் ஒரு ஸ்பேனரையும் ஒரு டப்பா நட்டுகளையும் வைத்துக்கொண்டு மரத்தடியில் கடைபோட்டுப் பிழைக்க வழிசெய்தது.

ராலே, ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. சைக்கிள்கள் கப்பலில் சென்னைக்கும் கொழும்புக்கும் வந்தபோது, அவற்றோடு இக்கணக்கும் வந்திறங்கியது. 1949-ல் பர்மிங்ஹாமின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் கூட்டுறவோடு டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவப்பட்டு, அம்பத்தூரில் ஹெர்குலிஸ் சைக்கிள்கள் உற்பத்தியான பின்னும் அது தொடர்ந்தது. வேற்றுக் கணக்குகள் வராமலில்லை. 10 மில்லிமீட்டர் அச்சுக்கு மரையின் இடைவெளி 1 மில்லிமீட்டர். 26 மரையின் இடைவெளியோ ஏறக்குறைய 0.98. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் 10 மில்லிமீட்டர் நட்டை 3/8 அங்குல அச்சில் ஏற்றினால் தளர்வாக ஏறி, இறுக்கும்போது மரையைத் தின்றுவிடும். பட்டறையில் பாழாகும் அச்சுகளில் பல இவ்விதம் அழிந்தவையே.

சங்கத்தார் வகுத்த அளவுகள் நூல்களில் பத்திரமாக இருக்கின்றன. முறிந்த துண்டை எடுக்கும் முறைகளோ நம் தொழிலாளர்களின் கைகளில் மட்டும் இருக்கின்றன. நம் தொழிற்பள்ளிகள் முதிய சைக்கிள் தொழிலாளர்களை அழைத்து, அவர்கள் செய்வதை அருகிருந்து பார்த்து, அவர்கள் வழங்கும் சொற்களாலேயே தமிழில் எழுதிவைக்க வேண்டும். அவர்கள் இருக்கும்போதே இதைச் செய்ய வேண்டும்.