சம்பளத்தில் பிடித்தாச்சு, கட்டலையா? பி.எஃப்., டிடிஎஸ் நோட்டீஸ் வந்தால் சிறு நிறுவனங்கள் என்ன செய்ய வேண்டும்?

மாதம் 15-ம் தேதி நெருங்கினால் இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் பக்கம் சிறு நிறுவனம் நடத்துபவர்களுக்குத் தலைவலி ஆரம்பித்துவிடும். உதிரிபாகம் சப்ளை செய்த பெரிய கம்பெனியிடமிருந்து பில் தொகை வந்திருக்காது. கையில் இருந்ததை வைத்துச் சம்பளம் போட்டிருப்பார்கள். 'பி.எஃப்., இ.எஸ்.ஐ.யை அடுத்த மாசம் சேர்த்துக் கட்டிக்கலாம்' என்று தள்ளிவைப்பது இந்த இடத்தில்தான். சிக்கல் தொடங்குவதும் இங்கேதான்.

என்னென்ன பிடித்தம்?

வெளிநாடுகளில் 'பேரோல் டாக்ஸ்' என்று சொல்வதைப்போல இந்தியாவில் ஒற்றை வரி கிடையாது. சம்பளப் பட்டியலை வைத்துப் பல இடங்களில் பணம் கட்ட வேண்டும்.

20 பேரோ அதற்கு மேலோ வேலை பார்த்தால் பி.எஃப். ஊழியர் பங்கு 12%, நிறுவனத்தின் பங்கு 12%. நிர்வாகக் கட்டணமும் காப்பீட்டுத் தொகையும் சேர்த்து நிறுவனத்துக்கு 13% ஆகிவிடும். இ.எஸ்.ஐ. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்களுக்கு: ஊழியர் 0.75%, நிறுவனம் 3.25%. இரண்டுக்கும் கடைசி நாள் அடுத்த மாதம் 15. சம்பளத்தில் பிடித்த வருமான வரியை, அதாவது டிடிஎஸ்-ஐ, அடுத்த மாதம் 7-ம் தேதிக்குள் கட்ட வேண்டும். தொழில் வரி தனி. அது அரையாண்டுக்கு ஒருமுறை உள்ளாட்சி அமைப்புக்குப் போகும்.

தாமதமானால் எவ்வளவு?

50 பேர் வேலை பார்க்கும் ஒரு நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். எல்லோருக்கும் 15,000 ரூபாய் அடிப்படையில் பி.எஃப். என்றால் ஒரு மாதத்துக்கு ஊழியர் பங்கு 90,000 ரூபாய். நிறுவனத்தின் 13% சேர்த்தால் 1,87,500 ரூபாய். தாமதமானால் ஆண்டுக்கு 12% வட்டி. அதற்கு மேல் 'டேமேஜஸ்' என்ற அபராதம். 2024 ஜூன் 14-க்குப் பிந்தைய தாமதத்துக்கு இது மாதம் 1%. அதற்கு முந்தைய தாமதம் ஆறு மாதத்தைத் தாண்டியிருந்தால் ஆண்டுக்கு 25% வரை போகும். வட்டியையும் சேர்த்தால் 37%. கந்து வட்டிக்குக் கடன் வாங்கியதுபோல்தான்.

'பில் வரவில்லை, வேண்டுமென்றா கட்டாமல் விட்டோம்?' என்ற வாதம் எடுபடுமா? கடினம். தாமதத்துக்கு அபராதம் விதிக்க நிறுவனத்தின் கெட்ட எண்ணத்தை நிரூபிக்கத் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் கூறிவிட்டது.

இதில் பலர் கவனிக்காத இன்னொரு விஷயம் உண்டு. நிறுவனத்தின் பங்கைக் கட்டாமல் விடுவதும், ஊழியர் சம்பளத்தில் பிடித்ததைக் கட்டாமல் விடுவதும் சட்டத்தின் பார்வையில் ஒன்றல்ல. பிடித்த பணம் ஊழியருடையது. அதை நம்பிக்கையின் பேரில் நிறுவனம் கையில் வைத்திருக்கிறது, அவ்வளவுதான். கட்டாவிட்டால் அது நம்பிக்கை மோசடி குற்றம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 316-வது பிரிவு பி.எஃப்., இ.எஸ்.ஐ. இரண்டையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. வருமான வரியிலும் இதே கண்டிப்புதான். ஊழியர் பங்கைக் கெடு தாண்டிக் கட்டினால் அதைச் செலவாகக் கழிக்க முடியாது என்று 'செக்மேட் சர்வீசஸ்' வழக்கில் 2022 அக்டோபரில் தீர்ப்பு வந்தது. 1961-ம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின்கீழ் வந்த தீர்ப்பு என்பதால், பழைய ஆண்டுக் கணக்குகளில் அதிகாரிகள் இதைத்தான் எடுத்துக் காட்டுவார்கள்.

அதனால் கையில் இருப்பது பாதிப் பணம்தான் என்றால், முதலில் ஊழியர் பங்குக்கு வழி உண்டா என்று ஆடிட்டரிடம் கேளுங்கள்.

கான்ட்ராக்டர் ஓடிவிட்டால்?

இந்தப் பகுதியில் அதிகம் அடிபடுவது இதில்தான். ஆள் அனுப்பும் ஏஜென்சி மாதாமாதம் பில்லில் பி.எஃப். என்று போட்டுப் பணம் வாங்கிக்கொள்ளும், கட்டியிருக்காது. ஒருநாள் போனை ஸ்விட்ச் ஆஃப் செய்துவிட்டுப் போய்விடும். நோட்டீஸ் வருவது உங்கள் பெயருக்கு. கான்ட்ராக்ட் தொழிலாளர்களின் பி.எஃப்.க்கும் முதன்மை நிறுவனமே பொறுப்பு. முதலில் நீங்கள் கட்டிவிட்டுப் பிறகு கான்ட்ராக்டரிடம் வசூலிக்கலாம் என்பதுதான் விதி. ஏஜென்சி பில்லைப் பாஸ் செய்யும் முன், உங்கள் ஆட்களின் பெயரும் யூஏஎன் எண்ணும் உள்ள செலுத்திய ரசீதைக் கேட்பது இதனால்தான் அவசியம்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. கான்ட்ராக்டரை வரவழைக்கவும் ஆவணங்களைக் கேட்டு வாங்கவும் பி.எஃப். அதிகாரிக்கு அதிகாரம் உண்டு, அதைப் பயன்படுத்தித்தான் தொகையை முடிவு செய்ய வேண்டும் என்று இந்திய உணவுக் கழகம் தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. விசாரணையின்போதே 'கான்ட்ராக்டருக்குச் சம்மன் அனுப்புங்கள்' என்று எழுத்துப்பூர்வமாக மனு கொடுங்கள். வாயால் சொன்னதை அப்பீலில் காட்ட முடியாது.

யாரிடம் போவது?

நோட்டீஸ் எந்தத் துறையிலிருந்து வந்தது என்பதைப் பொறுத்தது. டிடிஎஸ் என்றால் ஆடிட்டரே ஆஜராகலாம். உத்தரவு வந்த 30 நாளுக்குள் வருமான வரி ஆணையரிடம் (மேல்முறையீடு) போகலாம். பி.எஃப். நிலுவை விசாரணை என்றால் தொழிலாளர் சட்டம் பார்க்கும் வக்கீல் தேவை. மாதாமாதம் சலான் போட்டுத் தரும் கன்சல்டன்ட் திறமைசாலியாக இருக்கலாம். ஆனால் சாட்சியம், குறுக்கு விசாரணை என்று வரும்போது அது அவர் வேலை இல்லை.

பெரும்பாலான முதலாளிகள் செய்யும் தவறு, முதல் விசாரணைக்கு ஆபீஸ் கிளார்க்கை அனுப்பிவிட்டு, உத்தரவு வந்தபிறகு வக்கீலைத் தேடுவது. வருகைப் பதிவேடு, சம்பளப் பட்டியல், வங்கிக் கணக்கு விவரம் எல்லாம் முதல் கட்டத்திலேயே பதிவாக வேண்டும். போகாமலே விட்டு ஒருதலைப்பட்சமாக உத்தரவு வந்துவிட்டால், பழைய பி.எஃப். சட்டத்தின் 7ஏ பிரிவின்படி 3 மாதத்துக்குள், தக்க காரணம் காட்டி, அதை ரத்து செய்யக் கேட்கலாம்.

அப்பீல் செய்ய முன்பணம் வேறு. பழைய சட்டத்தில் உத்தரவிட்ட தொகையில் 75% கட்டினால்தான் தீர்ப்பாயம் அப்பீலை எடுத்துக்கொள்ளும். காரணம் காட்டினால் அதைக் குறைக்கலாம். 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் இது 25%. ஐந்து ஆண்டுக்கு முந்தைய பாக்கிக்குப் புதிதாக விசாரணை தொடங்க முடியாது என்ற வரம்பும் அதில் இருக்கிறது; பழைய சட்டத்தில் அப்படி எதுவும் இல்லை. 40 லட்சம் ரூபாய் உத்தரவு என்றால் 75%க்கும் 25%க்கும் இடையே 20 லட்சம் ரூபாய் வித்தியாசம். உங்கள் நோட்டீஸ் எந்தச் சட்டத்தின்கீழ் வருகிறது என்பதுதான் வக்கீலிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

கொரியா, ஜப்பான் அதிகாரிகள் இருந்தால்?

புதிய வரி முறையில் சம்பளதாரருக்கு ஆண்டுக்கு 12.75 லட்சம் ரூபாய் வரை வரி வராது என்பதால், மெஷினில் நிற்கும் தொழிலாளிக்கு டிடிஎஸ் பெரும்பாலும் இருக்காது. இங்கே டிடிஎஸ் சிக்கல் வருவது தாய் நிறுவனம் அனுப்பிவைத்த அதிகாரிகளின் சம்பளத்தில். பாதிச் சம்பளம் இங்கே, மீதி சியோலில் அவர் குடும்பக் கணக்கில் என்று இருக்கும். இந்தியாவில் செய்த வேலைக்கு வெளிநாட்டில் கொடுத்த சம்பளத்துக்கும் இங்குள்ள நிறுவனம் டிடிஎஸ் பிடிக்க வேண்டும் என்று 'எலி லில்லி' வழக்கில் உச்ச நீதிமன்றம் 2009-லேயே சொல்லிவிட்டது. பி.எஃப்.பில் இவர்களுக்கு ஒரு சலுகை உண்டு. கொரியாவுடன் 2011 முதலும் ஜப்பானுடன் 2016 முதலும் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் அமலில் இருக்கிறது. சொந்த நாட்டில் வாங்கிய சான்றிதழைக் காட்டினால் இங்கே கட்ட வேண்டாம். சான்றிதழ் காலாவதியானதைக் கவனிக்காமல் விடுவதுதான் பிரச்சினை.

வக்கீல் ஃபீஸ் கொடுக்க முடியாத சின்ன நிறுவனமா? ஒவ்வொரு மாதமும் 27-ம் தேதி மாவட்டம்தோறும் 'நிதி ஆப்கே நிகட்' என்ற குறைதீர்ப்பு முகாமை பி.எஃப். அமைப்பு நடத்துகிறது. ஊழியர்களுடன் முதலாளிகளும் போகலாம், கட்டணம் இல்லை. ஆதார் பெயர்ப் பிழை, தவறான மாதத்தில் விழுந்த சலான் மாதிரி விஷயங்களை அங்கே கேட்கலாம். நிலுவை வழக்கு அங்கே முடியாது. போகும்போது நிறுவனக் குறியீட்டு எண், சலான் நகல், வந்த நோட்டீஸ் எல்லாம் கையில் இருக்கட்டும்.